இரண்டு நேமோக்கள்

"நேமோ என்றால் லத்தீனில் 'யாருமில்லை' என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியுமா?"

இதைக் கேட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஜப்பானியப் பெண்மணி. டோக்கியோ டிஸ்னிசீ பூங்கா வாசலில், நவம்பர் மாதத்துக் கடற்காற்றில், தரையில் விரித்த பிளாஸ்டிக் பாயின்மீது முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிதான். கதவு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஆயிரம் பேராவது இருப்பார்கள், ஆனால் குரல் உயர்த்தியவர் ஒருவரும் இல்லை. அந்த அம்மா தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். அவர் மடியில் மாலுமித் தொப்பி போட்ட கரடி பொம்மை ஒன்று. பக்கத்தில் இருபத்தோரு வயது மகள். அவள் பையில் டிஸ்னிப் படத்துப் பனி அரசி எல்சா பொம்மையாகத் தொங்கினாள்.

என் தங்கை நிஷி-கசாயில் குடியிருக்கிறாள். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அந்தப் பகுதிக்கு 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் கணினி வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் அங்கேயே வேர்பிடித்துவிட்டன. தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். இந்த அம்மா தங்கையின் அலுவலகத்தில் மூத்தவர். தங்கை அவரை 'சென்பாய்' என்றுதான் கூப்பிடுவாள். பணியில் நமக்கு முன்னே வந்தவரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. நானும் அப்படியே அழைத்தேன்.

விடியும் முன்பே பேருந்தில் கசாய் ரிங்காய் பூங்கா நிலையத்துக்கு வந்து, கெய்யோ ரயிலில் ஒரே நிறுத்தம் தாண்டினோம். இடையில் ஓர் ஆறு. அதைக் கடந்தால் சீபா மாகாணம். பெயரில் டோக்கியோ இருந்தாலும் இரண்டு டிஸ்னி பூங்காக்களும் இருப்பது சீபாவின் உராயாசு நகரத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில். ஒற்றைத் தண்டவாள ரயில் டிஸ்னிசீயை நெருங்கியபோது ஓர் எரிமலையின் முகடு தெரிந்தது. எட்டு வயது மருமகள் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "மாமா, எல்சா வீடு இந்த மலையிலயா இருக்கு?" என்றாள். "இல்லடி, அது வேற மலை" என்றாள் தங்கை. அந்த வேறு மலையைப் பற்றித்தான் தாயும் மகளும் வரிசையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட் அமெரிக்க மூலத்தின் தங்கை என்று சொல்லலாம். 2001 செப்டம்பர் 4இல் திறந்த டிஸ்னிசீக்கு உலகில் உடன்பிறப்பு கிடையாது. இரண்டையும் கட்டி நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு உரிமத்தொகை போகிறது. டிஸ்னிசீ பூங்காவை ஏழு துறைமுகங்களாகப் பிரித்துக் கட்டினார்கள். இத்தாலியக் கரை, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நியூயார்க், மத்திய அமெரிக்கக் காடு, அரபுக் கடற்கரை, எதிர்காலத்துத் துறை என்று போகும். பல துறைகளில் திரைப்படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. யார் கட்டினார், ஏன் பாழானது, சுவரில் தொங்கும் படத்தில் இருப்பவர் யார் என்பதெல்லாம் அதில் அடக்கம். அந்தப் பின்கதையை ரசிகர்கள் 'பி.ஜி.எஸ்.' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தங்கை இதை மொழிபெயர்க்கத் திணறியபோது எனக்கு உடனே வந்த சொல் தலபுராணம். கோயிலுக்கு இருப்பதுபோல் இந்தத் துறைகளுக்கும் தலபுராணம் உண்டு.

அவர்கள் வாதத்தில் அடிக்கடி வந்து விழுந்த இன்னொரு சொல் 'செகாய்கான்'. ஓர் இடம் தனக்குள் முழுமையாகப் பேணும் உலகம் என்று விரித்துச் சொல்லலாம். அது கெட்டுவிட்டது என்பது தாயின் கட்சி. கெடவில்லை, வளர்ந்திருக்கிறது என்பது மகளின் கட்சி.

2024 ஜூன் 6இல் எட்டாவது துறையாக ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ், அதாவது கற்பனை ஊற்றுகள், திறக்கப்பட்டது. 1,40,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். செலவு சுமார் 32,000 கோடி யென். எல்சாவும் அன்னாவும் இருக்கும் பனி நாடு, ரப்பன்ஸலின் காடு, பீட்டர் பானின் தீவு என்று மூன்று திரைப்படங்களுக்கு மூன்று நிலம். கூடவே 475 அறைகள் கொண்ட ஒரு விடுதி. ரசிகர்கள் செல்லமாக 'ஃபான்ஸ்பு' என்கிறார்கள்.

"ஊற்று எப்படித் துறைமுகம் ஆகும்?" என்றார் சென்பாய். "2015இல் வட ஐரோப்பாவை ஒரு துறையாகக் கட்டப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம். துறைமுகம் ஒன்று இருக்கட்டும், அதில் எல்சா குடியிருந்துவிட்டுப் போகட்டும். பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு, 2018இல் இதை அறிவித்தார்கள். இப்போது ஊர் இல்லை. கதாபாத்திரங்களின் வீடுகள் மட்டும் இருக்கின்றன."

மகள் தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "திறந்த முதல் நாளே ஏரியல் இங்கே இருந்தாள். அலாதீனின் பூதம் இருந்தது. இண்டியானா ஜோன்ஸ் இருந்தார். கதாபாத்திரமே இல்லாத டிஸ்னிசீ அம்மாவின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது." பிறகு அம்மாவின் மடியைச் சுட்டினாள். "அந்தக் கரடி யார்?"

சென்பாய் கரடியை இழுத்து அணைத்துக்கொண்டார். அதற்கு டஃபி என்று பெயர். 2005இல் இந்தப் பூங்காவில் அந்தப் பெயரோடு வந்து, இன்று ஜப்பானியப் பெண்கள் பலர் கைக்குழந்தையைப்போல் தூக்கி நடக்கும் பொம்மை. நீண்ட கடற்பயணம் போகும் மிக்கி தனித்திருக்கக் கூடாதென்று மின்னி தைத்து, துணிப்பையில் வைத்துக் கொடுத்த கரடி என்பது கதை. "டஃபி எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. கடல் போகிறவனுக்காகத் தைத்தது. அது துறைமுகத்துப் பிள்ளை" என்றார். வாதத்தில் ஒரு சுற்றை அவர் வென்றார் என்றே எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் நேமோவைப் பற்றிச் சொன்னார்.

போர்ட் டிஸ்கவரி என்ற எதிர்காலத் துறையில் ஸ்டார்ம்ரைடர் என்றொரு சவாரி இருந்தது. பூங்காவோடு பிறந்தது. வானிலைக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றின் விமானத்தில் ஏறி, சூறாவளியின் நடுவே புகுந்து, அதைக் கலைத்துவிட்டுத் திரும்புவதுதான் கதை. திரைப்படமோ பிரபல முகமோ கிடையாது. விமானியின் பெயர் கேப்டன் டேவிஸ். அவருக்குக் குரல் மட்டும் உண்டு. 2016 மே மாதம் அதை மூடினார்கள். மறு ஆண்டு மே மாதம் அதே கட்டடத்தில் திரைப்படத்து நேமோ மீனின் சவாரி திறந்தது. பார்வையாளர்களை மீன் அளவுக்குச் சுருக்கி, ஒரு கலத்தில் ஏற்றி, நேமோவோடும் அதன் தோழி டோரியோடும் நீந்த வைக்கும் சவாரி. கடைசி நாள் ஸ்டார்ம்ரைடரில் ஏறியவர்களில் தானும் ஒருத்தி என்றார் சென்பாய். சூறாவளி கலைந்து வானம் வெளுக்கும் காட்சியில் அந்த அறை முழுக்கக் கைதட்டியதாம். "நூறு தடவைக்குமேல் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புயலைக் கலைத்தது நான். மீன் சவாரியில் நான் நேமோவைப் பார்க்க வந்தவள்."

கதவு திறந்தது. ஓடக் கூடாது என்பதால் எல்லோரும் ஓடாமல் ஓடினார்கள். தங்கை கைப்பேசிச் செயலியோடு போராடினாள். அந்த நாட்களில் ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸுக்குள் நுழையவே அங்குள்ள ஏதாவது ஒரு சவாரிக்கு இலவச அனுமதிச் சீட்டு கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தலைக்கு 2,000 யென் வரை கட்டிச் சவாரிச் சீட்டு வாங்க வேண்டும். எல்சா சில நிமிடங்களில் தீர்ந்துபோனாள். பிற்பகலுக்கு ரப்பன்ஸல் கிடைத்தது. மருமகளின் உதடு பிதுங்கியது. "அந்த ஊருக்குள்ள போலாம்டி, எல்சா வீட்டை வெளியிலேர்ந்து பாக்கலாம்" என்று சமாதானம் சொல்லி நடந்தோம்.

காலை முழுக்கச் சென்பாய்தான் வழிகாட்டி. எரிமலைக்குள் இருக்கும் மிஸ்டீரியஸ் ஐலண்டுக்கு முதலில் அழைத்துப்போனார். 51 மீட்டர் உயரமுள்ள பிரமீதியஸ் மலையின் வயிற்றைக் குடைந்து உண்டாக்கிய துறை அது. சுற்றிலும் கரும்பாறை, நடுவே பச்சை நீர், ஆவி, ஆணிகள் அறைந்த இரும்புப் பாலங்கள். நீரில் நாட்டிலஸ் நீர்மூழ்கி கட்டிக் கிடக்கிறது. ஜூல்ஸ் வெர்ன் படைத்த கேப்டன் நேமோவின் மறைவிடம் இது. சுருள் படிகள், அளவுக்கருவிகள், ஆராய்ச்சிச் சாலை என்று எல்லாம் நேமோவுடையவை. நேமோ மட்டும் கண்ணில் படுவதில்லை.

அங்கே நான் வெகுநேரம் நின்றேன். காரணம் உண்டு. வெர்ன் 1875இல் வெளியிட்ட 'மர்மத் தீவு' நாவலில்தான் நேமோ யார் என்பது வெளிப்படுகிறது. அவர் புந்தேல்கண்ட் அரசரின் மகன், இளவரசர் தக்கார். 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, குடும்பத்தையும் நாட்டையும் இழந்து, கடலுக்கடியில் போய் ஒளிந்த இந்தியர். நாட்டை இழந்ததும் தன் பெயரையும் துறந்து 'யாருமில்லை' என்று வைத்துக்கொண்டவர். இதைச் சென்பாயிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அதனால்தான் உங்களை முதலில் இங்கே கூட்டிவந்தேன்" என்றார்.

அவர் மனத்தை அப்போது நான் நெருங்கினேன். வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தால் நாம் சுவரைப் பார்க்கிறோம், மேசைமேல் விரிந்து கிடக்கும் வரைபடத்தைப் படிக்கிறோம், யார் இவர் என்று கேட்கிறோம். வீட்டுக்காரர் வாசலில் நின்று வரவேற்றால் அவர் முகத்தைப் பார்க்கிறோம். இந்தத் துறையைக் கட்டியவர்கள் எனக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். தக்காரின் நாட்டிலிருந்து வந்த நான் அந்தப் பாலத்தின்மேல் நின்று என்ன நினைப்பேன் என்று அவர்கள் தீர்மானித்து வைக்கவில்லை.

இப்படி முழுமனதாகத் தாயின் கட்சிக்குச் சாய்ந்த என்னை அடுத்த அரை மணி நேரத்தில் மகள் பக்கம் இழுத்தது சிந்துபாத்.

அரபுக் கடற்கரையில் படகில் ஏறிப் போகும் சவாரி அது. முதலில் 2001இல் இருளும் அச்சமும் கூடியதாக இருந்ததாம். 2007இல் வெளிச்சமாக்கி, சந்து என்ற புலிக்குட்டியைச் சிந்துபாத்துக்குத் துணை சேர்த்து, ஆலன் மென்கன் இசையில் ஒரு பாட்டையும் கொடுத்தார்கள். இன்று அந்தப் பாட்டை முணுமுணுக்காத டிஸ்னிசீ ரசிகர் இல்லை. மாற்றத்தை எதிர்க்கும் சென்பாயும் படகில் அதைப் பாடிக்கொண்டே வந்தார். நானோ முதல் வளைவில் சிந்துபாத்தின் முகத்தைக் கண்டதும் என்னையறியாமல் எழப் பார்த்தேன். தினத்தந்தியில் 'கன்னித்தீவு' படித்து வளர்ந்தவன் நான். அப்பா செய்தி படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அந்த மூன்று கட்டப் படத்தை முதலில் பார்ப்பதற்காகத் தங்கையோடு அடித்துக்கொண்டவன். இந்தச் சிந்துபாத் எங்கள் சிந்துபாத் இல்லை. லைலா இல்லை, மந்திரவாதி மூசா இல்லை. இருந்தும் பெயர் ஒன்று போதுமாக இருந்தது. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூலக்கதையின் சிந்துபாத் செரந்தீபுக்கு, நம் இலங்கைக்கு, வந்து போனவன் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

படகை விட்டு இறங்கியதும் மகள் கேட்டாள்: "தெரிந்த முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? எனக்கு அது எல்சா. படம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. பாட்டியோடு தியேட்டருக்குப் போனேன். பாட்டி போய்விட்டார். பாட்டு இருக்கிறது." அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சென்பாயும் பேசாமல் நடந்தார். பாட்டி என்றால் அவருக்கு அம்மா.

பிற்பகலில் கைப்பேசியைக் காட்டி ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸுக்குள் நுழைந்தோம். பாறைகளிலிருந்து நீர் வழிகிறது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பாறையும் ஒரு கதாபாத்திரத்தின் உருவம். வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, அழகு கண்ணைப் பறிக்கிறது. எல்சாவின் ஊரான அரெண்டெல்லின் மர வீடுகளுக்குப் பின்னால் பனிமலை நிற்க, மருமகள் வாயைப் பிளந்து நின்றுவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவ்வளவு செலவும் தகும் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ரப்பன்ஸலின் படகுச் சவாரியில் கடைசியில் இருட்டில் நூற்றுக்கணக்கான விளக்குகள் தலைக்குமேல் மிதந்தபோது, பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஆனால் வெளியே வந்து உலாவியபோது எனக்குள் ஒரு கை தேடிக்கொண்டே இருந்தது. ஒரு கதவைப் பார்த்தேன்; அது யாருடைய கதவு என்று உடனே தெரிந்தது. ஒரு கோபுரம், அதன் சன்னலில் அவளே இருக்கிறாள். கேட்பதற்குக் கேள்வி மிஞ்சவில்லை. காலையில் இத்தாலியக் கரையின் கோட்டைக்குள் ஃபூக்கோ ஊசல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பூமி சுழல்வதைக் காட்டும் ஊசல் கேளிக்கைப் பூங்காவில் எதற்கு என்று யோசித்து யோசித்து அதன் எதிரில் கால் மணி நேரம் நின்றேன். அப்படி நிற்க வைக்கும் மூலை ஒன்று இங்கே எனக்கு அகப்படவில்லை. எல்சாவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்சா வெளியே போயிருக்கும் நேரத்திலும் அந்த ஊர் ஊராக இருக்க வேண்டும். மீன்காரி, படகு செப்பனிடுபவன், கப்பல் வராத நாளின் சோர்வு இவையெல்லாம் இருக்கும் ஊரைத்தான் சென்பாய் துறைமுகம் என்கிறார். 32,000 கோடி யென் செலவழிக்கிறவர்கள் அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கலாம்.

தாய்க்கும் மகளுக்கும் ஒத்துப்போன இடமும் உண்டு. 2020 பிப்ரவரி 29இல் பெருந்தொற்றால் பூங்கா மூடி, ஜூலை 1இல்தான் திறந்தது. அதோடு போன வருடாந்தர நுழைவட்டை திரும்ப வரவில்லை. முன்பெல்லாம் மாலையில் அலுவலகம் முடிந்து வந்து, சவாரி எதிலும் ஏறாமல், நியூயார்க் துறையில் நிற்கும் கொலம்பியா கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம் சென்பாய். "இப்போது வருகிற ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றாள் மகள். கணக்குப் பார்க்கிறவர் தெரிந்த முகத்தைத்தான் முதலில் தேடிப் போவார் என்று நான் எண்ணிக்கொண்டேன். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. எரிமலை உறுமி நெருப்புக் கக்கியது.

மறுநாள் ஞாயிறு. தொசாய் ரயிலில் உராயாசு நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார் சென்பாய். பூங்காப் பக்கம் போகாமல் பழைய ஊருக்குள் நடந்தோம். அவர் காட்ட விரும்பியது நகராட்சியின் நாட்டுப்புற அருங்காட்சியகத்தை. அதுவும் டிஸ்னிசீ திறந்த அதே 2001இல் திறந்ததுதான். வெளிமுற்றத்தில் 1952இன் உராயாசுவை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். மரத்தாலான மீனவர் வீடுகள், சிறு கடைகள், ஒரு கால்வாய், அதில் பேக்காபுனே என்ற ஒடுங்கிய தட்டைப் படகுகள். ஒரே ஆள் ஏறி நோரிப் பாசியும் மட்டியும் எடுக்கப் பயன்பட்ட படகு அது.

இந்த ஊர் கடலை நம்பி இருந்தது. 1958இல் ஆற்றின் மேற்கரையில் ஒரு காகித ஆலை கறுப்புக் கழிவைத் திறந்துவிட, மட்டியும் மீனும் செத்து மிதந்தன. மீனவர்கள் திரண்டு ஆலைக்குள் புகுந்தார்கள். போலீசாரோடு மோதல் நடந்தது. ஜப்பான் நீர்த்தூய்மைக்கான முதல் சட்டங்களை அந்த ஆண்டின் முடிவில் இயற்றியது அதன் பிறகுதான். ஆனாலும் கடல் மீளவில்லை. 1962இல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியையும் 1971இல் முழுவதையும் ஊர் கைவிட்டது. கடலைத் தூர்த்தார்கள். அந்த மண்ணில்தான் இரண்டு பூங்காக்களும் நிற்கின்றன. 2011 நிலநடுக்கத்தில் உராயாசுவின் தூர்த்த நிலம் பல இடங்களில் சேறாகப் பொங்கிச் சாலைகளைப் பிளந்தது.

சென்பாய் ஒரு வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தார். நானும் தங்கையும் பின்தொடர்ந்தோம். அடுப்படி, தொங்கும் வலை, பலகைத் தரை. "என் தாத்தா பாசி எடுத்தவர்" என்றார், வந்த வேலையைச் சொல்வதுபோல. "எனக்கு நினைவு தெரிந்தபோது அவருக்குப் படகு இல்லை. வீட்டில் துடுப்பு மட்டும் இருந்தது. டிஸ்னிசீ வரப்போகிறது, துறைமுகங்கள் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தபோது அவரிடம் படித்துக் காட்டினேன். எத்தனை துறை என்று கேட்டார். ஏழு என்றேன். அத்தனையா என்றார்."

தங்கை இதை மொழிபெயர்த்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. நேற்று வாசலில் அவர் ஊற்றுக்கும் துறைமுகத்துக்கும் வேற்றுமை சொல்லி அவ்வளவு பிடிவாதமாகப் பேசியது எனக்குள் வேறு விதமாக ஒலிக்கத் தொடங்கியது.

வெளியே கால்வாய் ஓரத்தில் மருமகளும் அந்த மகளும் நின்றிருந்தார்கள். மகள் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். சென்பாய் பையைத் திறந்து டஃபியை எடுத்துக் கொடுத்தார். மகள் குந்தி உட்கார்ந்து, ஒரு பேக்காபுனேயின் முன்பலகையில் கரடியை உட்கார வைத்து, காற்றில் விழாமலிருக்க அதன் முதுகுக்குப் பின்னால் தன் கழுத்துத்துணியைச் சுருட்டிச் செருகினாள்.

"மாமா, தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்றாள் மருமகள். தள்ளி நின்றேன். மகள் படம் எடுத்தாள்.